ரெஹேமாவின் பாட்டில் நான் மாற்றிய எழுத்து

அபிராமி என்னிடம் கேட்டது ஒரேயொரு பக்கம். ரொறொன்ரோவின் டோர்செட் பார்க்கில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை செய்த ஒலிப்பதிவு ஸ்டூடியோவை இப்போது அவள்தான் நடத்துகிறாள். புதிதாக ஒரு மென்பொருள் போட்டிருக்கிறாளாம். பாடுபவர் ஒரு பாட்டைப் பத்துத் தடவை பாடினால், பத்தையும் கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் எது நல்லது என்று தானே தேர்ந்து, தானே ஒட்டி, ஒரு பாட்டாகத் தந்துவிடுமாம்.

"அங்கிள், உது என்னத்தை வைச்சுப் பொறுக்குதெண்டு எங்களுக்கு விளங்கேல்ல. நீங்கள் எப்பிடிப் பொறுக்கினனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கலாம்" என்றாள்.

சமையலறை மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். முதல் விதி எழுதினேன். இரண்டாவது விதி எழுதினேன். மூன்றாவதில் பேனை நின்றுவிட்டது. அந்த விதியை நான் ஒரு முறை மீறியிருக்கிறேன். அதனால் நடந்தது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. தெளிவில்லாததை விதியாக எழுத வரவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். அபிராமி கேட்டதைவிட இது நீளம். அவள் மன்னிக்க வேண்டும்.

நான் ரொறொன்ரோவுக்கு வந்த முதல் ஐந்து வருடமும் உணவகம், தொழிற்சாலை என்று போனது. ஒரு தேவாலயத்தில் மைக் வேலை செய்யவில்லை என்று நான் வயரைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாடகர் குழுவை நடத்திய சவிரிமுத்து என்பவர் பக்கத்தில் வந்து நின்றார். மன்னார்க்காரர். "உமக்கு வயர் பிடிக்கத் தெரியுது. காதும் இருக்கோ எண்டு பாப்பம். திங்கக்கிழமை வாரும்" என்றார். பிளாசா ஒன்றின் பின்பக்கத்தில், பற்சிகிச்சை நிலையத்துக்கும் துணிக்கடைக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு அறைகள்தான் ஸ்டூடியோ. திங்கட்கிழமை போனேன். அதற்குப் பிறகு வேறெங்கும் போகவில்லை.

சவிரி அண்ணையைப் பற்றி எழுதாமல் இந்த வேலையைப் பற்றி எழுத முடியாது. அவர் யாரையும் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. நீர், உமக்கு, வாரும் என்பதுதான் அவருடைய பேச்சு. பிழை என்ற சொல்லையும் அவர் வாயில் கேட்டதில்லை. நாங்கள் செய்து முடித்ததைக் கேட்க உட்கார்ந்தால், முதலில் ஒரு நீலத் துவாயை எடுத்துக் கணினித் திரையை மூடுவார். பிறகு கண்ணை மூடுவார். கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தால் வேலை சரி. கழுத்தில் தொங்கவிட்டால் சரியில்லை. எங்கே சரியில்லை என்று சொல்லமாட்டார். நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்போன் அவருடைய கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டை முதலிலிருந்து திரும்பப் போட்டுத் தேடுவேன். ஐம்பது வயதிலும் தேடினேன்.

பல தடவை பாடியதில் நல்லதைத் தேர்ந்து ஒரு பாட்டாக ஒட்டும் வேலையை அவர் 'பொறுக்கிறது' என்பார். அதற்கு ஒரு தாள் உண்டு. இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பாட்டின் வரிகள். மேலே வரிசையாக டேக் இலக்கம். பாடுபவர் முதலிலிருந்து ஒரு தடவை பாடினால் ஒரு டேக். நல்ல வரிக்குச் சரி அடையாளம், மிக நல்லதற்கு வட்டம், கூடாததற்குப் புள்ளடி. மூச்சுச் சத்தம் கேட்டால் 'மூ'. முதல் விதி, முதல் தடவை கேட்கும்போது பேனையைத் தொடக்கூடாது. இரண்டாவது விதி, பதிவு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்து வெறும் அறையின் சத்தத்தை அரை நிமிடம் பதிய வேண்டும். எங்காவது வெட்டிய இடத்தில் ஓட்டை விழுந்தால் அந்த வெறும் சத்தத்தால் அடைக்கலாம்.

மூன்றாவது விதி, தெரியாத மொழியில் பொறுக்கும்போது அந்த மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் கயானாக்காரர் வந்தார்கள், கானாக்காரர் வந்தார்கள், பிலிப்பீன்ஸ்காரர் வந்தார்கள். எல்லாருக்கும் அந்த விதிதான்.

ரெஹேமா என்ற பாடகியை எங்களிடம் கூட்டிவந்தவன் நிருஷன். யூனியன்வில்லில் பிறந்து வளர்ந்த எங்கட தமிழ்ப் பெடியன், முப்பது வயதிருக்கும், அவளுடைய குழுவில் டிரம்ஸ் அடித்தான். "அங்கிள், இது ரொக் மியூசிக். பட் சுவாஹிலில, ஆபிரிக்க மொழியில. நீங்கள் இப்பிடி ஒண்டு கேட்டிருக்கமாட்டீங்கள்" என்றான்.

கேட்டதில்லைதான். முதல் நாள் நான் திகைத்துப்போய் இருந்தேன். ஒடியம்போ என்ற கென்யாக்காரர் கிட்டார் வாசித்தார். ஒரு நிமிடம் அது இரும்பை அறுக்கிற மாதிரி இரைந்தது. அடுத்த நிமிடம் சின்னச் சின்னச் சுரங்களாக, நிற்காமல், படியில் இறங்கி ஓடும் தண்ணீர் மாதிரிப் போனது. அவருடைய ஊர்ப்பக்கத்து வாசிப்பு அப்படித்தானாம். அதன் மேலே ரெஹேமாவின் குரல். அவள் கென்யாவின் மொம்பாசா என்ற துறைமுக நகரத்தில் பிறந்தவள். அந்தக் கரையோரத்துக் கலியாண வீடுகளில் பெண்கள் பாடும் பாட்டை ரொக்குக்குள் கொண்டுவந்திருந்தாள். அதில் அராபியச் சாயல் இருந்தது. நடுவில் ஓர் இழுப்பு வந்தபோது பழைய இந்திப் படப் பாட்டுக் கேட்பதுபோல இருந்தது. கப்பல்கள் வந்துபோன கரையென்றபடியால் எல்லாம் கலந்திருக்கும் என்று நிருஷன் விளக்கம் சொன்னான்.

என்னுடைய பெரிய கஷ்டம் தாளம். நான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறேன். பாட்டு எனக்கு முன்னாலோ பின்னாலோ போய்க்கொண்டிருந்தது. ஒன்று எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அங்கிள், நாலா எண்ணாதீங்கோ. ஆறு. ஆறை ரெண்டா எண்ணலாம், மூண்டாவும் எண்ணலாம்."

"நீ எதில எண்ணுறாய்?"

"கால் ரெண்டில, கை மூண்டில."

நான் சவிரி அண்ணையைப் பார்த்தேன். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது தாண்டியிருந்தது. கிழமையில் இரண்டு நாள்தான் வருவார். "இதென்ன பாட்டு தம்பி? ரொக்கோ, கலியாணப் பாட்டோ?" என்று கேட்டார்.

"ரெண்டும் எண்டு சொல்லுறாங்கள் அண்ணை."

"அப்ப ரெண்டையும் கேளும்" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

ரெஹேமாவுக்கு என் மூத்த மகளின் வயது. மிசிசாகாவில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. மாநிறம், நெட்டை, பாடாதபோது சத்தமே இல்லாத ஆள். எங்களோடு ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். இங்கே தமிழில் எழுதுகிறேன். வரிகளைக் கையால் எழுதிய தாள் ஒன்றைத் தந்தாள். பாட்டில் நாலு இடத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. அந்த வரி ஒரு சொல்லில் தொடங்கியது. அதை நான் என் தாளில் 'நிட்டாரூடி' என்று தமிழில் எழுதிவைத்துக்கொண்டேன். பொருள் என்னவென்று கேட்கவில்லை. வேலை நேரத்தில் பொருளைப் பற்றி நான் யோசிப்பதில்லை.

அவள் முதலில் ஆறு டேக் பாடினாள். ஒழுங்கான பாட்டு. திருப்பிப் போட்டுக் கேட்டபோது என் தாளில் சரி அடையாளங்கள் நிறைய விழுந்தன. பிறகு இடைவேளை விட்டோம். நான் கார்ப் பக்கம் போனபோது, வாகனத் தரிப்பிடத்தில் குவித்துவிட்டிருந்த பனிக்குப் பக்கத்தில் அவள் குளிர்ச்சட்டை இல்லாமல் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். கதைக்கவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். நான் கையைக் காட்டினேன். அவள் என்னைக் காணவில்லை.

உள்ளே வந்ததும் "கடைசிப் பகுதியை மட்டும் திரும்பப் பாடுகிறேன்" என்றாள். ஏழிலிருந்து பதினொன்று வரை ஐந்து டேக். ஒன்றிலும் கண்ணைத் திறக்கவில்லை. ஒன்பதாவது டேக்கில் அவளுடைய குரல் ஓரிடத்தில் கிழிந்து, கீழே விழாமல் அப்படியே நின்றது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. விதியை மறந்து பேனையை எடுத்து ஒன்பதில் வட்டம் போட்டேன்.

அடுத்த சில நாட்களில் பொறுக்கினேன். முதல் மூன்று இடங்களுக்கும் ஆரம்ப டேக்குகள். நாலாவது, கடைசி இடத்துக்கு ஒன்பது. ஒரு மாதிரிப் பிரதியாகச் சேர்த்து ரெஹேமாவுக்கு அனுப்பினேன். வேலை இடைவேளையில் கேட்டாளாம். "அப்படியே இருக்கட்டும். கடைசி மிகச் சரி" என்று பதில் போட்டாள். நான் அதை, துப்புரவு செய்து முடிக்கலாம் என்பதற்கான சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

துப்புரவு செய்யும்போதுதான் கவனித்தேன். ஒன்பதாவது டேக்கில் அந்தச் சொல் 'நி' என்று தொடங்கவில்லை. 'சி' என்று தொடங்கியது. சிட்டாரூடி. அந்தச் 'ச' நீளமாக, கத்தி தீட்டுவதுபோல மைக்கில் சீறியது. அவளுடைய தாளைப் பார்த்தேன். நாலு இடத்திலும் 'நி' என்றுதான் இருந்தது. ஏழு, எட்டு, பத்து, பதினொன்று டேக்குகளையும் கேட்டேன். அவற்றிலும் 'சி'. களைத்துப்போன நாக்கு வழுக்கியிருக்கிறது என்று முடிவு செய்தேன். ஐந்து தடவையும் ஒரே மாதிரி வழுக்குமா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ரெஹேமாவுக்குப் போன் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் போனே எடுக்கவில்லை. ஒடியம்போவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இந்தப் பிழையை யாருக்கும் தெரியாமல் என்னால் திருத்த முடியும் என்று தெரிந்ததும், அதைச் செய்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது. அதுதான் உண்மை.

செய்தது இது. மூன்றாவது டேக்கிலிருந்து 'நி' என்ற ஒலியை மட்டும் வெட்டினேன். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான துண்டு. அதன் சுருதி சற்றே கீழே நின்றது, மயிரளவு உயர்த்தினேன். ஒன்பதாவது டேக்கில் சீறலை முழுவதுமாக எடுத்தேன். அங்கே விழுந்த ஓட்டையை வெறும் அறையின் சத்தத்தால் அடைத்தேன். பிறகு 'நி'யைக் கொண்டுவந்து 'ட்டாரூடி'யின் தலையில் வைத்து, ஒன்று மங்கும்போது மற்றது எழும்புகிற மாதிரி இரண்டின் ஓரத்தையும் குழைத்தேன். ஒரு பின்னேரம் முழுவதும் பிடித்தது. முடித்துக் கேட்டபோது ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சவிரி அண்ணை வந்தார். துவாயைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார், கழுத்தில் விட்டார்.

"கடைசியில என்ன செய்தனீர்?"

சரியில்லாத இடத்தைச் சுட்டி அவர் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒரு எழுத்துப் பிழைச்சுப்போச்சு அண்ணை. மாத்தினனான்."

"ஒட்டு எனக்குக் கேக்கேல்ல. ஆனா அந்தப் பிள்ளை மூச்சு எடுத்தது வேற என்னத்துக்கோ. வந்தது வேற என்னவோ." துவாயை எடுத்து மடித்தபடி, "அவவைக் கேட்டனீரோ?" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. திட்டமிட்டுச் சொன்ன பொய் அல்ல. வாய் சொல்லிவிட்டது. அவர் ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தார்.

நிருஷன் பாட்டை இணையத்தில் விட்டான். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெஹேமா தனியாக வந்தாள். சப்பாத்தில் பனி, கழற்றவில்லை. போனை என் முன்னால் வைத்தாள். கடைசி வரி ஓடியது.

"இதைப் பாடியது யார்?"

"நீங்கள்தான்."

"நான் இதைப் பாடவில்லை."

சவிரி அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றார். நான் கணினியில் பாட்டைத் திறந்தேன். ஒன்பதாவது டேக்கைப் போட்டேன். சிட்டாரூடி. அவள் திரும்பப் போடச் சொன்னாள். மூன்று தடவை கேட்டாள். பிறகு கதிரையில் இருந்தாள்.

"முதல் எழுத்தை ஏன் மாற்றினீர்கள்?"

"உங்களுடைய தாளில் அப்படி இருந்தது. நாக்கு வழுக்கியது என்று நினைத்தேன்."

அவளுக்குக் கோபமா, சிரிப்பா, அழுகையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்றும் முகத்தில் வந்து போயின. "நிட்டாரூடி என்றால், நான் திரும்பி வருவேன்" என்றாள். "சிட்டாரூடி என்றால், நான் திரும்பி வரமாட்டேன்."

எங்கள் பேச்சில் 'இல்லை' என்பது சொல்லின் வாலில் இருக்கும். வருவன், வரமாட்டன். ஓமா இல்லையா என்று தெரிய, சொல் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அறுபது வருடம் அப்படிக் கேட்டுப் பழகிய காது எனக்கு. சுவாஹிலியில் அந்த 'இல்லை'யைத் தலையிலேயே வைக்கிறார்கள். நான் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

அவள் சொன்னது இதுதான். மேடையில் கிட்டார்களோடு நின்று பாடுவது அவளுடைய தகப்பனுக்குப் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் பாரம் தூக்கி உயர்ந்த பிடிவாதக்கார மனிதர். எட்டு வருடத்துக்கு முன்னர் வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து அவர் அவளோடு கதைக்கவில்லை. தாயோடு மட்டும் களவாகப் பேச்சு இருந்தது. பாட்டை எழுதியபோது அது தாய்க்கு. ஒரு நாள் வருவேன் என்ற பாட்டு. பதிவு நாள் இடைவேளையில், தாய் இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது என்று தங்கை போனில் சொன்னாளாம். ரெஹேமாவுக்குச் சொல்லக்கூடாது என்று எல்லாரையும் தடுத்தது தகப்பன்.

"அதற்குப் பிறகு பாடியது அவருக்கு" என்றாள். "மூன்று தடவை வருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, கடைசியில் அவரிடம் வரமாட்டேன் என்று சொன்னேன்."

"அந்தப் பாட்டை அவர் கேட்டுவிட்டாரோ?" என்றேன்.

"நேற்று எனக்குப் போன் எடுத்தார். எட்டு வருடத்துக்குப் பிறகு." போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுப் பையன் போட்டுக் காட்டியிருக்கிறான். 'வருவேன் என்று நாலு தரம் சொல்லியிருக்கிறாய். உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன்' என்றார். எந்த நாலு தரம் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியில் விட்ட பிறகு என் பாட்டை நான் கேட்பதில்லை. அவர் போனை வைத்த பிறகுதான் இதைக் கேட்டேன்."

சவிரி அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார். ரெஹேமாவிடம் ஆங்கிலத்தில், "இது என்னுடைய ஸ்டூடியோவில் நடந்தது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "எனக்கு ஓம் எண்டு சொன்னனீர்" என்றார். இருபத்தொன்பது வருடத்தில் என்னை அடித்த ஒரே அடி அதுதான்.

நான் அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். பத்து நிமிட வேலை. சீறல் திரும்பி வந்தது. "இப்போதே இதை இணையத்தில் மாற்றிவிடலாம்" என்றேன்.

"மாற்றினால் அவர் என்ன நினைப்பார்? வெள்ளையடித்த அறையை என்ன செய்வார்?" என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, தன்னைக் கேட்டாளா, தெரியாது. பிறகு, "அந்த மனிதரில் எனக்கு இன்னும் கோபம். உங்களிலும் கோபம். ஆனால் நேற்று அவருடைய குரலைக் கேட்டேன். அது உங்களால்தான் நடந்தது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றாள்.

அவள் எழும்பினாள். ஒன்றையும் மாற்ற வேண்டாம், தான் ஊருக்குப் போய்வரும்வரை அப்படியே விடுங்கள் என்றுவிட்டுப் போனாள்.

அந்தக் கோடையில் அவள் மொம்பாசாவுக்குப் போனாள். நான் அந்த நாட்களில் நிம்மதியாக இருக்கவில்லை. தகப்பன் அவளை வீட்டில் மறித்துவைத்தால்? கடவுச்சீட்டைப் பிடுங்கினால்? என் மனைவி, "நீங்கள் ஒரு எழுத்தைத்தானே மாத்தினீங்கள்" என்று ஆறுதல் சொன்னாள். அந்த ஓர் எழுத்தில்தான் ஒரு பெண் கடல் தாண்டிப் போயிருந்தாள். சவிரி அண்ணை வழக்கம்போல வந்தார், வழக்கம்போல 'நீர்' போட்டுக் கதைத்தார். ஆனால் நான் செய்த எதைக் கேட்டாலும், "மொழி தெரிஞ்ச ஆள் ஆர் பக்கத்தில இருந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹெட்போனைப் போட்டார். தமிழ்ப் பாட்டுக்கும் கேட்டார்.

ஐந்து கிழமை கழித்து ரெஹேமா திரும்பி வந்து, நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள். கறுத்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"சொல்லிவிட்டேன்" என்றாள். "இரண்டாம் நாளே சொன்னேன். மெஷினில் ஓர் எழுத்து மாறிவிட்டது, நான் பாடியது வரமாட்டேன் என்று."

"அவர் என்ன சொன்னார்?"

"தெரியும் என்றார்."

எனக்கு விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். "'சொல் வருவேன் என்றது. குரல் வரமாட்டேன் என்றது. நீ சின்னப் பிள்ளையில் இருந்து மாட்டேன் என்று சொல்கிற குரல் எனக்குத் தெரியாதா? நான் சொல்லை எடுத்துக்கொண்டேன்' என்றார்."

தாயின் சாவை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். தாயின் அடக்க இடத்துக்கு ஒவ்வொரு நாளும் தன்னைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னாள். இரண்டு பேரும் கதைக்காமலே போய்க் கதைக்காமலே வருவார்களாம். புறப்படுவதற்கு முதல் நாள், பாடியதைப் பாடியபடி பாடிக் காட்டு என்று கேட்டாராம். பாடினாளாம். பாதியில் அவரும் சேர்ந்து பாடினாராம். பாட்டுக் கூடாது என்று மகளைப் பிரிந்த மனிதர்.

அதைப் போனில் பதிந்துகொண்டு வந்திருந்தாள். "இதைப் பாட்டின் முடிவில் சேருங்கள். என் கடைசி வரியை நான் பாடியபடி வையுங்கள். அதோடு இவருடையது. பழையதை எடுக்கவேண்டாம், அவர் அதை ஒவ்வொரு நாளும் கேட்கிறார். இது வேறாக இருக்கட்டும்" என்றாள்.

இந்த முறை பொறுக்கும்போது அவள் என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். மின்விசிறிச் சத்தம், காகம், தூரத்தில் யாரோ கூப்பிடுவது எல்லாம் அந்தப் பதிவில் இருந்தன. நடுவில் தகப்பனின் கரகரத்த குரல். மகள் சிட்டாரூடி என்று பாட, அவர் வேறொரு முதல் எழுத்தோடு அதே சொல்லைப் பாடினார்.

"உட்டாரூடி" என்று ரெஹேமா சொன்னாள். "நீ திரும்பி வருவாய்."

இரண்டு குரலையும் ஒரே அளவில் வைத்தேன். ஒன்று மற்றதை மூடாமல் இருக்கப் பார்த்தேன். திரும்பத் திரும்பக் கேட்டபோது, கிழவருடைய சொல்லுக்கு முன்னால் ஒரு சின்னக் காற்றுச் சத்தம் இருப்பது கேட்டது. வழக்கமாக நான் 'மூ' என்று குறித்து வெட்டிவிடும் சத்தம். கை கணினி மவுசில் இருந்தது. அசைக்கவில்லை.

"இது மூச்சா?" என்று கேட்டேன்.

அவள் ஹெட்போனை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கேட்டாள். திரும்பக் கேட்டாள். "மூச்சென்றால் நீ திரும்பி வருவாய்" என்றாள் மெதுவாக. "அது மூச்சில்லை, எழுத்து என்றால், ஹுட்டாரூடி. நீ திரும்பி வரமாட்டாய்."

"எது?"

"அவர் பாடும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்" என்றாள். "எனக்கும் தெரியவில்லை."

நான் அதை வெட்டவில்லை. சவிரி அண்ணை பின்னேரம் வந்து துவாயைப் போட்டு, கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பாட்டு முடிந்து மின்விசிறியின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது. அவர் ஹெட்போனைக் கழற்றவேயில்லை. "திருப்பிப் போடும்" என்றார்.